அடிப்பவன் மேடைக்கே வராத ஆப்பிரிக்க நாடகங்கள்: உங்கள் அனுபவம்?

தாமரைக்குளம்:
டனாய் குரிராவின் 'எக்லிப்ஸ்டு' நாடகத்தை எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு சத்தமாக வாசித்தோம். 2003, லைபீரியாவின் இரண்டாம் உள்நாட்டுப் போர் முடியும் தறுவாய். கிளர்ச்சிப் படைத் தளபதி ஒருவன் பிடித்து வைத்திருக்கும் பெண்கள் ஒரு குடிசையில் கிடக்கிறார்கள். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதல் மனைவி, மூன்றாம் மனைவி என்று எண்தான். புதிதாக வந்து சேர்ந்த சிறுமி நான்கு.

அந்தத் தளபதி நாடகம் முழுக்க ஒரு தடவைகூட மேடைக்கு வருவதில்லை. பெண்கள் சட்டென்று எழுந்து வரிசையாக நிற்பதை வைத்துத்தான் அவன் வந்துவிட்டான் என்று நமக்குத் தெரியும். அவன் யாரைக் காட்டுகிறானோ அவள் போவாள். திரும்பி வந்து துணியை நனைத்துத் துடைத்துக்கொள்வாள். பிறகு விட்ட வேலையைப் பார்ப்பாள். அவ்வளவுதான் காட்சி. அந்தச் சிறுமியின் பாத்திரம் எனக்கு வந்திருந்தது. அந்த இடத்தில் எனக்கு வசனம் இல்லை. மேடைக் குறிப்பை இன்னொரு தோழி வாசிக்க, நான் தாளைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். தொண்டை அடைத்துவிட்டது. பலாத்காரக் காட்சி என்றாலே கேமரா பெண்ணுடம்பின் மேல் ஊர்வதைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. இங்கே பார்க்க எதுவுமே கொடுக்கவில்லை, ஆனால் தப்பிக்கவும் வழியில்லை.

இரண்டாம் மனைவி துப்பாக்கி தூக்கியவள். சிறுமியும் அவள் பின்னால் போகிறாள். போனபின், வேறு பெண்களைப் பிடித்துச் சிப்பாய்களிடம் ஒப்படைக்கும் வேலை அந்தச் சிறுமி தலையில் விழுகிறது. அதைப் பூசி மெழுகாமல் எழுதியதற்காகவே குரிராவை மதிக்கிறேன். இதுபோல் உங்களை உலுக்கிய நாடகங்களைச் சொல்லுங்களேன்.

கீழைக்காற்று:
லாரா ஃபுட்டின் 'செபாங்', அக்கா. 2001இல் தென்னாப்பிரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தை பலாத்காரம் செய்யப்பட்ட உண்மைச் சம்பவத்திலிருந்து எழுந்த நாடகம், 2003இல் மேடையேறியது. ஆராய்ச்சிக்காகப் படிக்க எடுத்தேன். பாதியில் மூடி வைத்துவிட்டு மறுநாள்தான் தொடர முடிந்தது.

மேடையில் இரண்டே பேர். சைமன் கதை சொல்கிறான். குழந்தையின் தாய் ரூத் பேசுவதே இல்லை. உப்பை எடுத்து விலங்குத் தோலில் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். பிள்ளையைக் கட்டிக்கொள்வதுபோல் முதுகில் ஒரு குட்டிக் கட்டிலைக் கட்டியிருக்கிறாள். நடந்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் சைமன் கையில் எடுப்பது ஒரு ரொட்டியும் துடைப்பக் கட்டையும். அதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை. செய்தியாளர்கள் ஊருக்குள் படையெடுத்து வந்து எல்லாரையும் குற்றவாளிகளாகப் பார்க்கும்போது, இந்த ஊரே எப்போதோ பலாத்காரம் செய்யப்பட்ட ஊர்தான் என்று சைமன் வெடிப்பான். வறுமை, குடி, நிறவெறிக் காலம் விட்டுப்போன நாசம் எல்லாம் அதில் இருக்கிறது. குற்றத்துக்குச் சமாதானம் சொல்கிறதோ என்று எங்கள் துறையில் ஒரு பேராசிரியை கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் சொல்வது வேறு, மன்னிப்பு வழங்குவது வேறு.

வைகைக்கரை:
தலைப்போடு கொஞ்சம் மாறுபடுகிறேன். கானாவின் ஆமா அட்டா அய்டூ எழுதிய 'அனோவா'வில் (1970) ஆண் மேடையில்தான் நிற்கிறான், அதுவும் பட்டும் பொன்னுமாக. கோஃபி அக்கோ மனைவியைக் கைநீட்டி அடிப்பவன் இல்லை. அடிமைகளை வாங்கிப் பணம் சேர்க்கிறான். அது தப்பு என்று சொல்லும் அனோவாவை வீட்டை விட்டுப் போகச் சொல்கிறான், காரணம் சொல்ல மறுக்கிறான். பிள்ளையில்லாத பழி அதுவரை அவள் மேல்தான். கடைசியில் எல்லார் முன்னிலையிலும் அவனுடைய ஆண்மையைப் பற்றியே கேட்டுவிடுகிறாள். எம்.ஏ. வகுப்பில் அந்த இடம் வந்தபோது பின்வரிசையில் ஒரு பெண் கை தட்டினாள். அடுத்த பக்கத்தில் இருவரும் சாகிறார்கள். அதன்பிறகும் ஊர்க் கிழவி குற்றம் சொல்வது அனோவாவைத்தான். உடம்பில் தழும்பு விழாத வன்முறையையும் இந்த இழையில் சேர்த்தே பேச வேண்டும்.

பனிமலர்:
எனக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது நைஜீரியாவின் 'ஹியர் வேர்ட்!' இஃபியோமா ஃபஃபுன்வா உருவாக்கியது, 2014இலிருந்து மேடையேறுகிறது. குடும்ப வன்முறை, சிறுவயதுத் திருமணம் என்று உண்மைப் பெண்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்த தனிமொழிகள். ஜோகே சில்வா போன்ற பெரிய நடிகைகள் நடிக்கிறார்கள். அழுகையோடு நிற்பதில்லை, பாட்டும் ஆட்டமுமாக எழுந்து வருகிறது. அரங்குக்கு டிக்கெட் வாங்க முடியாதவர்களுக்காக லாகோஸ் சந்தைகளிலேயே இலவசமாக நடத்தினார்கள். என்னைக் கேட்டால் பெண்ணிய நாடகம் என்பது அந்தச் சந்தையில்தான் தொடங்குகிறது.

தாமரைக்குளம்:
பனிமலர், 'எக்லிப்ஸ்டு'விலும் சமாதானப் பெண்கள் அமைப்பிலிருந்து ரீட்டா என்றொருத்தி வருகிறாள். நிஜத்தில் 2003இல் கானாவின் தலைநகர் அக்ராவில் போரை நிறுத்தப் பேச்சுவார்த்தை நடந்த மண்டபத்தின் வாசலை மறித்து, ஒப்பந்தம் இல்லாமல் யாரும் வெளியே போகக்கூடாது என்று உட்கார்ந்தவர்கள் அமைதிப் போராளி லேமா போவியும் லைபீரியப் பெண்களும். அந்த ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

வைகைக்கரை, எங்கள் வட்டத்தில் அடுத்த வாசிப்பு 'அனோவா'. கிழவி பாத்திரத்துக்கு ஆள் வேண்டும், வருகிறீர்களா?