புதுப்பிப்பு: 421 பகடை ஆட்டத்தில் வில்லைகள் யாரிடமிருந்து யாருக்கு?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிரெஞ்சு கஃபேக்களில் மூன்று பகடைகளோடு ஆடும் 421-இல் வில்லைக் கணக்கு புரியவில்லை என்று கேட்டிருந்தேன். "ஆட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்" என்ற யோசனைதான் வேலை செய்தது. முதல் பாதி ஷார்ஜ்: நடுவிலுள்ள 21 வில்லைகளும் தீரும்வரை, ஒவ்வொரு சுற்றிலும் ஆக மட்டமாகப் போட்டவர் எடுத்துக்கொள்கிறார். அடுத்தது தெஷார்ஜ்: ஜெயித்தவர் தன் வில்லைகளைத் தோற்றவர் தலையில் கட்டுகிறார். எத்தனை வில்லை என்பதைச் சுற்றின் சிறந்த வீச்சு தீர்மானிக்கும். 4-2-1 என்றால் 10, 1-1-1 என்றால் 7.

எதிர்பாராதது, 6-6-6-ஐ 1-1-6 அடித்துவிடுகிறது! அப்புறம், 2-2-1தான் ஆகக் கடைசி. நெனெத் என்று பேர். சில இடங்களில் 11 வில்லைகள்தான், ஆரம்பிக்கும் முன் கேட்டுவிடுங்கள்.