அவள் முகத்தோடு நான் வார்டில் நிற்கிறேன்

பட்டர்வொர்த், பினாங்கு

டிவி டிராமா நடிகர்களை நேரில் பார்த்த அனுபவங்களை இந்தத் திரியில் எல்லாரும் எழுதுகிறீர்கள். இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் கதை கொஞ்சம் வேறு மாதிரி. எனக்கு 6 நிமிடம் கழித்துப் பிறந்தவள் நம் தமிழ் டிராமாக்களில் நடிக்கிறாள். ஒரே முகம், ஒரே உயரம், சிரித்தால் இடது கன்னத்தில் ஒரே குழி. பெயர் சொல்லவில்லை. அது அவளுடைய பிழைப்பு, என் பேச்சால் அதற்கு எதுவும் வந்துவிடக் கூடாது.

எங்கள் ஐ.சி. (அடையாள அட்டை) இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிறந்த தேதி ஒன்று, பினாங்கைக் குறிக்கும் 07 ஒன்று. கடைசி நான்கு இலக்கம்தான் வேறு. ஒருமுறை தவறுதலாக அவள் ஐ.சி.யை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். படத்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெருவிரலை வைத்தபோதுதான் மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு உருவ ஒற்றுமை இருந்தாலும் இரட்டையருக்கு ரேகை ஒன்றாக இருக்காது.

தமிழ்ப்பள்ளியில் நாங்கள் இருவருமே மேடை ஏறினோம். ஐந்தாம் வகுப்பில் ஒரு நாடகம். நான் வசனத்தை மறந்து நின்றுவிட்டேன். அவள் கண் இமைக்காமல் என் வசனத்தையும் தன் வசனத்தையும் சேர்த்துப் பேசி முடித்தாள். பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. யார் எந்தப் பக்கம் போவார்கள் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது என்று அம்மா சொல்வார்.

ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் நான் தாதிப் பயிற்சிக்குப் போனேன், அவள் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினாள். செந்தூலில் ஒரு பிளாட், ஓர் அறையில் நான்கு பெண்கள். முதல் வருடம் முழுக்கக் கல்யாண வீட்டுக் காட்சியில் பின்னால் நிற்கிற கூட்டத்தில் ஒருத்தி. நாளுக்கு 80 வெள்ளி (ரிங்கிட்), மதியம் ஒரு பொட்டலம். அந்த 80 வெள்ளியும் மூன்று மாதம் கழித்து வரும். ஒரு தயாரிப்பாளரிடமிருந்து கடைசிவரை வரவே இல்லை. அப்புறம் டப்பிங், கல்யாண மண்டபங்களில் அறிவிப்பாளர் வேலை, பிறகு சின்னச் சின்ன வேடங்கள். தீபாவளிக்கு டிவியில் போடும் படம், டெலிமூவி, எடுக்கிற மாதங்களில் தூங்க நேரம் இருக்காது. அது முடிந்தால் தைப்பூசம் வரைக்கும் போன் அடிக்காது.

அவள் அறையில் ஒரு வாரம் தங்கியிருக்கிறேன். காலை 5 மணிக்கு எழுந்து தரையில் உட்கார்ந்து பை அடுக்குவாள். சேலை, பிளவுஸ், அதற்கான தோடு, வளையல், எல்லாம் சொந்தச் செலவு. ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் போட்டு, மாஸ்கிங் டேப்பில் காட்சி எண்ணை எழுதி ஒட்டுவாள். பொட்டு அட்டையைக்கூட எந்தக் காட்சிக்கு எது என்று போனில் படம் எடுத்து வைத்திருப்பாள். வார்டில் நாங்கள் மருந்துத் தட்டு அடுக்குவது போலவே இருந்தது. நடிகை என்றால் எல்லாருக்கும் மேக்கப்தான் கண்ணில் படுகிறது. எனக்கு அந்தப் பைகள்தான் ஞாபகம் வருகின்றன.

சரி, நான் எழுத வந்தது ஒரு பாட்டியைப் பற்றி. காலில் புண் ஆறாமல் எங்கள் வார்டில் மூன்று வாரம் இருந்தார். நான் டிராலியைத் தள்ளிக்கொண்டு போன முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ டிவியில வர்ற பொண்ணுதானே? இங்க மிஸ்ஸி வேலையும் பாக்குறியா?” என்று கேட்டார். தாதியை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அது என் தங்கை, நாங்கள் இரட்டையர் என்றேன். நம்பவில்லை. “வாணி ராணியில ராதிகா ஒரே ஆளா ரெண்டு வேஷம் போட்டாங்களே, அந்த மாதிரிதான் நீயும்” என்று சொல்லிவிட்டார். சன் டிவியில் 2013 முதல் 2018 வரை ஓடிய தொடர், எங்கள் ஊர்ப் பாட்டிகளில் அதைப் பார்க்காதவரை நான் கண்டதில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் நான்தான் நடிகை என்று ஆகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் ஜன்னல் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

எனக்கு மனசு உறுத்தியது. தங்கைக்குப் போன் போட்டேன். ஷூட்டிங் இல்லாத ஒரு நாளில் காலை இடிஎஸ் ரயிலைப் பிடித்துப் பட்டர்வொர்த் வந்து இறங்கினாள். பார்வை நேரத்தில் இருவரும் கட்டில் பக்கம் போய் நின்றோம். பாட்டி எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. இருவர் கையையும் கேட்டு வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தங்கையின் நகம் நீளமாக, சாயம் பூசியது. என்னுடையது ஒட்ட வெட்டியது, நாள் முழுக்கக் கை கழுவி விரல் மூட்டில் தோல் வெடித்தது. என் கையைத் தூக்கி, “இதுதான் என் மிஸ்ஸி” என்றார். பிறகு தங்கையிடம், “நீ கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, அவ சுகர் பாக்கணும்” என்றார். தங்கை ஸ்டூலை நகர்த்தி உட்கார்ந்து, பாட்டியின் மகன் வரும்வரை டிராமா கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உங்களில் யாராவது என்னை அவள் என்று நினைத்துப் பேசியிருந்தால் எழுதுங்கள். அவளை நேரில் பார்த்தவர்களும் எழுதுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

சகோதரி, நீங்கள் ஒருமுறை காஜாங்கில் ஒரு பங்களா வீட்டு ஷூட்டிங்குக்கு இரண்டு நாள் லீவு போட்டு வந்தீர்களா? வந்தது நீங்கள் என்றால், அங்கே லைட் பிடித்தவன் நான்.

அந்த டெலிமூவியில் உங்கள் தங்கைக்கு அக்கா, தங்கை என்று இரட்டை வேடம். அதை எப்படி எடுப்போம் என்று மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கேமராவை ஸ்டாண்டில் பூட்டிவிடுவோம். போக்கஸ், வெளிச்சம், மேசை மேல் இருக்கிற கிளாஸ், எதுவும் அசையக் கூடாது. நடிகை ஒருமுறை பிரேமின் இடது பாதியில் நடிப்பார். போய்ச் சேலை, தலைமுடி, பொட்டு எல்லாம் மாற்றிக்கொண்டு வந்து வலது பாதியில் நடிப்பார். எதிரே ஆள் இருக்காது, ஒரு ஸ்டாண்டில் டேப் ஒட்டி வைத்திருப்போம், அதைப் பார்த்துதான் கோபப்பட வேண்டும், அழ வேண்டும். எடிட்டர் இரண்டு பாதியையும் நடுக்கோட்டில் சேர்ப்பார். அந்தக் கோட்டைத் தாண்டிக் கை நீட்டினால் கை வெட்டுப்பட்டது போலக் காணாமல் போகும். அவர் உடை மாற்றி வருவதற்குள் வெயில் இறங்கிவிட்டால் இரண்டு பாதியும் ஒட்டாது. அதனால் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, வெளிச்சத்தை நாங்களே போடுவோம். என் வேலை அதுதான்.

இந்த முறையில் ஒன்றை மட்டும் எடுக்க முடியாது. இரண்டு பேரும் தொட்டுக்கொள்ள முடியாது. கதையின் கடைசியில் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொள்வதாகக் காட்சி. டூப் வைக்கலாம் என்றார்கள். உங்கள் தங்கைதான், “எனக்கு நிஜமாவே ஒருத்தி இருக்கா” என்றார்.

நீங்கள் வந்து கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றபோது ஒரு சிக்கல். உங்கள் வலது தோள் அவரைவிட இறங்கியிருந்தது. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அப்படி ஆனது என்றீர்கள். பிளவுஸுக்குள் துணி மடித்து வைத்துச் சமாளித்தார்கள். டேக் ஓடும்போது, யாரும் சொல்லாமல், நீங்கள் அவர் முதுகில் மூன்று தடவை மெதுவாகத் தட்டினீர்கள். அசையாமல் நிற்கத்தான் டைரக்டர் சொல்லியிருந்தார். மானிட்டரைத் திரும்பப் பார்த்துவிட்டு, “அது இருக்கட்டும்” என்றார். அதன் பிறகு உங்கள் தங்கை அக்கா வேடத்தில் யாரைத் தேற்றினாலும் மூன்று தடவை தட்டினார். முன்பே எடுத்திருந்த இரண்டு காட்சிகளை அதற்காகவே திரும்ப எடுத்தோம். எனக்கு அன்றைக்கு இரவு 2 மணி ஆகியும் அலுப்பே தெரியவில்லை.

அன்றைய இடைவேளையில் டைரக்டர் லிண்டா ஹாமில்டன் கதையைச் சொன்னார். அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய ஒரு சிபிஎஸ் தொலைக்காட்சித் தொடரில் நாயகி. அவரும் இரட்டையர், கூடப் பிறந்தவர் லெஸ்லி. 1991இல் வந்த டெர்மினேட்டர் இரண்டாம் பாகத்தில் ரோபோவின் மண்டையைத் திறக்கும் ஒரு கண்ணாடிக் காட்சி. அங்கே கண்ணாடியே கிடையாது, சட்டத்துக்குள் வெறும் திறப்பு. இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு லெஸ்லியும் ஒரு பொம்மைத் தலையும். அந்தப் பக்கம் லிண்டாவும் ரோபோவாக நடித்த ஆர்னல்டும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கை அசைத்தார்கள். தியேட்டரில் ஓடிய படத்தில் அது இல்லை, பிறகு வந்த நீண்ட பிரதியில் இருக்கிறது. அந்த லெஸ்லி நடிகை இல்லை, தாதி. அதைச் சொன்னதும் டைரக்டர் உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஞாபகம் இருக்கிறதா?

ஸ்தாப்பாக், கோலாலம்பூர்

நான் இரட்டைப் பெண்களுக்கு அம்மா. இந்தத் திரியைப் படித்ததும் எழுதத் தோன்றியது. 7 மாதத்தில் என் பிள்ளைகளை ஒரு டிராமாவுக்குக் கேட்டார்கள். ஒரே குழந்தை வேடம், இரண்டு பேரும் மாறி மாறி. ஒருத்தி அழுதால் இன்னொருத்தி.

அமெரிக்காவில் ஓல்சன் சகோதரிகள் என்ற இரட்டையரும் அப்படித்தான் நடிக்க வந்தார்கள். 1987இல் தொடங்கி 1995 வரை ஓடிய ஃபுல் ஹவுஸ் தொடரில் மிஷெல் என்ற ஒரே பாத்திரத்தை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். கலிபோர்னியா சட்டப்படி 6 மாதம் தாண்டி 2 வயது ஆகாத குழந்தை படப்பிடிப்பு இடத்தில் 4 மணி நேரம்தான் இருக்கலாம், அதிலும் வேலை 2 மணி நேரம். இரட்டையர் இருந்தால் நேரம் இரட்டிப்பாகும். ஆனால் பல வருடம் டைட்டிலில் அவர்கள் பெயரை ‘மேரி கேட் ஆஷ்லி ஓல்சன்’ என்று ஒரே ஆள் போலப் போட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால் நான் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன்: இரண்டு பேர் பெயரும் தனித்தனியாக வர வேண்டும். போட்டார்கள். இப்போது என் பிள்ளைகளுக்கு 9 வயது. தங்கள் பெயர் வரும் இடம் வந்ததும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள், குழந்தை முகம் வரும் காட்சியைவிட அதைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அக்கா, நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். லெபோ பாசாரில் பூக்கடைக்குப் பக்கத்தில் உங்களைப் பிடித்து நிறுத்தி என் அம்மாவோடு படம் எடுத்தது நான்தான் என்று நினைக்கிறேன். “நான் அவங்க இல்லம்மா, அவங்க அக்கா” என்றீர்கள். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, சிரித்துக்கொண்டே தோளில் கை போட்டுவிட்டார். கையில் பூப்பை, தோளில் யூனிபார்ம் தெரிகிற பை, பார்க்கவே அசதியாக இருந்தீர்கள். இருந்தும் நின்றீர்கள். படம் இன்னும் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது.

பட்டர்வொர்த், பினாங்கு

காஜாங்கில் வந்தது நான்தான் அண்ணே. தட்டியது எனக்கே தெரியாது. வார்டில் வந்த பழக்கம். டிராமா ஓடியபோது அம்மா பார்த்துவிட்டு, “இது உன் கைடி” என்றார்.

லெஸ்லி கதையைச் சொன்னீர்கள், அதனால் இதையும் எழுதுகிறேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் அவளுக்கு எல்லா ஷூட்டிங்கும் நின்றுபோனது. எனக்கு வேலை இரட்டிப்பானது. மாநிலம் தாண்டக் கூடாது என்பதால் அவள் செந்தூலில், நான் இங்கே. என் சேமிப்பிலிருந்து மாதம் கொஞ்சம் அனுப்பினேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, இரவு வீடியோ அழைப்பில் என்னைச் சிரிக்க வைக்கத் தான் நடித்த எல்லா மாமியார்களையும் நடித்துக் காட்டுவாள். முகக்கவசம் அழுந்திய கோடுகளோடு நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள், “உன் மூக்குல அந்தக் கோடு என் முகத்துல இருக்கிற மாதிரியே வலிக்குது” என்றாள்.

அந்த வருடம்தான் லெஸ்லி இறந்தார், 63 வயதில். அந்தச் செய்தியைப் படித்த இரவு தங்கை எனக்குப் போன் போட்டாள். எப்போதும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள், பயம் வந்தால் மட்டும் அக்கா. அன்றைக்கு எடுத்ததுமே, “அக்கா, வீட்டுக்கு வந்துட்டியா?” என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் ‘வந்துட்டேன்’ என்று ஒரு வார்த்தை அனுப்பிவிடுகிறேன். அவளும் ஷூட்டிங் முடிந்து அறைக்குத் திரும்பியதும் அனுப்புவாள். சில நாள் விடிகாலை 3 மணிக்கு வரும்.

ஸ்தாப்பாக் சகோதரி, உங்கள் நிபந்தனையை அவளிடம் படித்துக் காட்டினேன். காஜாங்கில் எடுத்த அந்த டெலிமூவியில் என் பெயர் வரவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த முறை கேட்பாளாம்.

ஆயர் ஈத்தாம் தம்பி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். அன்றைக்கு இரவு ஷிப்ட் முடித்துவிட்டு மாரியம்மன் கோயிலுக்குப் பூ வாங்க வந்தேன். உங்கள் அம்மாவின் கை கதகதப்பாக இருந்தது, அதனால்தான் நின்றேன். அந்தப் படத்தை எனக்கு அனுப்ப முடியுமா? அடுத்த மாதம் அவள் ஷூட்டிங்குக்காக இங்கே வருகிறாள். அம்மா எப்போது வீட்டில் இருப்பார் என்றும் சொல்லுங்கள், இருவரும் வருகிறோம்.