ஓர் அச்சு உடைந்ததைப் பின்தொடர்ந்தபோது

நாணயம் அடிக்கும்போது நேரும் பிழைகளில், மையம் விலகி விழுந்த அடி ஒரே நாணயத்தோடு முடிந்துவிடுகிறது. ஆண்டும் எழுத்துகளும் இரட்டித்துத் தெரியும் 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் புகழ்பெற்றதுதான் என்றாலும், அந்தப் பிழை, நாணயத்தில் உருவத்தைப் பதிக்கும் அச்சு உருவானபோதே நேர்ந்துவிட்டதால், அந்த அச்சில் வந்த நாணயங்கள் எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. அச்சில் விழும் விரிசல் மட்டுமே நாணயத்துக்கு நாணயம் வளர்கிறது. அதனால்தான் நான் அதையே விரும்பிச் சேர்த்து வருகிறேன்.

ஒரே ஆண்டைச் சேர்ந்த சில்லறை நாணயங்களை லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தபோது, விளிம்பிலிருந்து கிளம்பி ஓர் எழுத்தின் அடிவரை ஓடிய மெல்லிய கோடு ஒன்று கண்ணில் பட்டது. கீறல் என்றால் பள்ளமாக இருந்திருக்கும்; இதுவோ நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு மேடாக இருந்ததோடு, வெற்றிடத்தில் ஓடியது போலவே எழுத்தின் மீதும் அறுபடாமல் ஏறிச் சென்றது. அச்சில் விழுந்த பிளவுக்குள் உலோகம் புகுந்து நிறைவதால்தான் அது நாணயத்தில் மேடாகிறது. மற்ற நாணயங்களையும் பொறுமையாகப் பார்த்தபோது, அதே கோடு இன்னொன்றில் எழுத்தைத் தாண்டியிருந்தது. வேறொன்றில் வளைந்து மறுபடியும் விளிம்பைத் தொட்டிருந்தது.

இதே அச்சின் கடைசிக் கட்டம் பிறகுதான் கிடைத்தது. கோட்டுக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட துண்டு அச்சிலிருந்து பெயர்ந்து விழுந்துவிட்டதால், அந்த இடத்தில் உருவம் ஏதுமின்றி உலோகம் புடைத்து நின்றது. இது பிற்பாடு யாரோ சிதைத்த நாணயம் என்று சக சேகரிப்பாளர் ஒருவர் வாதிட்டார். நாணயத்தைத் திருப்பி, புடைப்புக்கு நேர் மறுபுறத்தைக் காட்டினேன்: அங்கே எழுத்துகள் மங்கிக் கிடந்தன. உலோகம் இந்தப் பக்கத்துக் குழியை நிரப்ப ஓடிவிடுவதால், அந்தப் பக்கத்து எழுத்துகள் முழுமையாக எழும்புவதில்லை. வெளியிலிருந்து உலோகத்தை ஒட்டியோ தட்டியோ இந்த மங்கலை அப்படியே போலி செய்வது எளிதன்று. என்னைக் கேட்டால், புடைப்பைவிட இந்த மறுபுறமே முக்கியமான சான்று.

இத்தகைய நாணயங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கவே கூடாது. தொடக்கக் கட்டத்தின் மெல்லிய கோடுதான் முதலில் அழியும்.

என் வரிசையில் ஒரு கட்டம் இன்னும் இல்லை: துண்டு முழுவதும் பிளந்த பின்னும் விழாமல் தன் இடத்திலேயே தங்கியிருந்து, கோட்டின் இருபுறமும் பரப்பு சற்றே ஏறி இறங்கித் தெரியும் நிலை. அதை நேரில் கண்டவர்கள் இருந்தால், ஏற்ற இறக்கம் எந்த அளவுக்குத் தெரிந்தது என்று அவசியம் எழுதுங்கள்.