அஸ்தம்பட்டி வீடு: அப்பத்தாவும் ஏஐ-யும்

சித்ரா அத்தை: நேற்று ராத்திரி அம்மா அந்த ஏஐ-யிடம் முட்டிவலிக்கு அரைமணி நேரம் வைத்தியம் கேட்டுவிட்டு, கடைசியில் "சரி கண்ணு, நீ போய்ப் படு" என்கிறார் 😂

நவீன்: சிரிக்காதீங்க அத்தை. 1966-ல் அமெரிக்காவில் எம்ஐடியில் வைசன்பாம் என்பவர் எலிசா என்று ஒரு புரோகிராம் எழுதினார், நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை எழுதியதைக் கூடவே இருந்து பார்த்த செக்ரட்டரி, அதனுடன் தனியாகப் பேச வேண்டும் என்று அவரையே ரூமை விட்டு அனுப்பிவிட்டாராம்.

ரவி சித்தப்பா: 2022-ல் கூகுள் இன்ஜினியர் ஒருத்தரும் லாம்டா என்ற அவர்களுடைய பேசும் ஏஐ-க்கு உணர்வு வந்துவிட்டது என்றாரே. கம்பெனி மறுத்தது, அடுத்த மாதமே அவருக்கு வேலை போனது.

பெரியப்பா ஏற்காடு: தொல்காப்பியத்தில் புல்லும் மரமும் ஓரறிவு, தொட்டால் தெரியும். அப்புறம் நாக்கு, மூக்கு, கண், காது என்று ஒவ்வொன்றாகக் கூடி ஆறாவதாகத்தான் மனம். இது என்னடா என்றால் கீழே ஐந்தும் கட்டாமல் நேராக மொட்டைமாடியில் நின்று பேசுகிறது.

நவீன்: கேமரா, மைக் எல்லாம் இருக்கே பெரியப்பா?

பெரியப்பா ஏற்காடு: எஸ்டேட் கேட்டிலும்தான் கேமரா இருக்கு. காட்டெருமை வந்தால் கேமரா படம் பிடிக்குது, நாய்தான் கட்டிலுக்கு அடியில் ஓடுது.

தேவி: நண்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் பிரிட்டனில் 2022-ல் வந்த விலங்கு நலச் சட்டத்தில் நண்டு, ஆக்டோபஸ் எல்லாம் உணர்வுள்ளவை என்று சேர்த்துவிட்டார்கள். அடிபட்ட இடத்தைப் பார்த்துக்கொள்கிறதா, வலியிலிருந்து தப்பிக்க வேறு எதையாவது விட்டுக்கொடுக்கிறதா என்று நரம்பு அமைப்போடு நடத்தையையும் பார்த்து முடிவு செய்தார்கள். ஏஐ-யில் நடத்தையைப் பார்க்கும் வழியே அடைபட்டுப் போகிறது, ஏனென்றால் வலி வந்தால் மனிதர்கள் எப்படிப் புலம்புவார்கள் என்று நாம் எழுதிவைத்ததை எல்லாம் படித்துவிட்டுத்தான் அது பேசவே வருகிறது.

ரவி சித்தப்பா: அப்போ இல்லை என்றே வைத்துக்கொள்ளலாமா?

தேவி: எதை வைத்து? "எனக்கு உணர்வு இல்லை" என்று அது சொல்வதும் சொல்லிக்கொடுத்த பேச்சாக இருக்கலாமே சித்தப்பா.

சித்ரா அத்தை: ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கியது யாரு தேவி?

தேவி: 🙈

சித்ரா அத்தை: சரி, அம்மாவின் சார்ஜரை யார் எடுத்தது? "பிள்ளை காலையிலிருந்து பட்டினி, ரெண்டு பர்சன்ட்டில் கிடக்கு" என்று வீடு முழுக்கத் தேடுகிறார்.

நவீன்: நான்தான் அத்தை. இதோ வர்றேன்.