தாழ்த்திய கான்டெஸ்ஸாவில் மாப்பிள்ளை அழைப்பு

சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு வண்டி பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பெண் ஊர் தங்கச்சிமடம், கல்யாணமும் அங்கேதான். நாங்கள் ராமநாதபுரம். ஒரு இன்னோவா போதும் என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கோ கான்டெஸ்ஸா பைத்தியம். 2002-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி, ஆனாலும் அந்த நீள பானெட்டைப் பார்த்தால் இன்றைக்கும் தெருவே திரும்பிப் பார்க்கும்.

தெரிந்தவர் மூலமாக கான்டெஸ்ஸா வைத்திருக்கும் ஒருவர் கிடைத்தார். வண்டியின் உயரத்தை நன்றாக இறக்கி, அகல டயர் போட்டு, முன்னால் ரேஸ் கார் மாதிரி குழிவான பக்கெட் சீட் வைத்திருந்தார். வாடகை எவ்வளவு என்று கேட்டதுமே அவருக்கு முகம் மாறிவிட்டது. "வாடகைப் பேச்சே வேணாம் தம்பி. பெட்ரோல் போடுங்க, கல்யாணச் சாப்பாடு போடுங்க, நானே ஓட்டிட்டு வர்றேன்." அதில் நியாயம் இருக்கிறது. ஓன் போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிந்த) வண்டியை வாடகைக்கு விட்டால் பெர்மிட் பிரச்சினை. நடுவில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். டி போர்டில் (வாடகைக்கு ஓட்டப் பதிந்ததில்) இந்த மாதிரி வண்டி நம் பக்கம் என் கண்ணில் படவில்லை.

வண்டியை மாற்றியதே தனிச் சிக்கல். கம்பெனி கொடுத்த அமைப்பை மீறி மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த வருடம் வந்த சட்டத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். அவருக்கு இது தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாளே சத்தம் போடும் சைலன்ஸரைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிக்கொண்டார். மற்றதெல்லாம் அவர் துணிச்சல்! கல்யாண நேரத்தில் செக்போஸ்டில் நின்று விளக்கம் சொல்லப் பிடிக்காதவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து.

உச்சிப்புளி தாண்டி மண்டபம் வரை சுகமாகப் போனோம். வேகத்தடை வரும்போதெல்லாம் நானும் இன்னொருவனும் இறங்கிக்கொள்வோம். ஆள் குறைந்தால் அடி தட்டாது. பாம்பன் பாலத்து இணைப்புகளில் அதையும் செய்ய முடியாது. ஒவ்வொன்றும் இடுப்பில் வந்து நின்றது. போட்டோக்காரர் 2025-ல் திறந்த புது ரயில் பாலம் பின்னால் தெரிகிற மாதிரி நிறுத்தச் சொன்னார். நடுப்பாலத்தில் நிறுத்தினால் போலீஸ் விரட்டும், காற்றும் மாலையைப் பிய்த்துவிடும் என்று சொல்லி ஓட்டச் சொல்லிவிட்டேன்.

உண்மையான சோதனை ஊர்வலத்தில்தான். கோயிலில் இருந்து கல்யாண மண்டபம் வரை நாதஸ்வரத்துக்குப் பின்னால் வண்டி நகர்ந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. காற்றே படாமல் இன்ஜின் கொதிக்க ஆரம்பித்தது. நல்லவேளை, ரேடியேட்டர் ஃபேனுக்கு வண்டிக்காரர் தனி சுவிட்ச் வைத்திருந்தார். ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை ஓடவிட்டார். பட்டு வேட்டியில் மாப்பிள்ளை உள்ளே வெந்துகொண்டிருந்தார். வண்டி கேட்பவர்கள் குதிரைத்திறனை விசாரிப்பதை விட்டுவிட்டு, அரை மணி நேரம் ஊர்ந்தால் சூடாகுமா என்று கேளுங்கள்.

கல்யாணம் முடிந்து பெண்ணை ஏற்றும்போது பெரியம்மா முன் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல உக்காரணுமா, விழணுமா?" என்றார். பட்டுச்சேலையோடு அந்தக் குழிக்குள் இறங்குவது நடக்காது, பின் சீட்டுதான். அங்கே மாற்றம் எதுவும் செய்யாமல் விட்டிருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

பூ அலங்காரத்துக்கு செல்லோடேப் வேண்டாம், வண்டி மேலே ஒட்டியிருக்கும் வினைல் ஸ்டிக்கர் உரிந்து வரும். நூலால் கட்டச் சொல்லுங்கள். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போய்ப் படம் எடுக்கலாம் என்று எங்கள் கூட்டத்தில் சிலர் கிளம்பினார்கள், வண்டிக்காரர் மறுத்துவிட்டார். 2017-ல் சாலை போட்டாலும் காற்று நாளில் மணல் ஏறிக் கிடக்கும். தாழ்ந்த வண்டி, அதிலும் பின் சக்கரம் தள்ளுகிற வண்டி, ஓரம் இறங்கினால் புதையும். ஊர் திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவினால்தான் உப்புப் பிடிக்காது என்றார். அந்தச் செலவையும் நாங்களே கொடுத்துவிட்டோம்.

தை மாதம் தம்பிக்குக் கீழக்கரையில் கல்யாணம். அவன் திறந்த ஜீப் கேட்கிறான். அந்தப் பக்கம் ஊர்வலத்துக்கு ஜீப் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், போலீஸ் அனுமதிக்கு எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.