தைராய்டு எடுத்தபின் அம்மாவுக்கு விரல் மரத்துப்போகிறது

மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். அம்மா கடலில் பாசி எடுப்பவர். 9 நாளுக்கு முன் மதுரையில் தைராய்டை முழுதாக எடுத்தார்கள். நேற்றிலிருந்து உதட்டைச் சுற்றிச் சுருசுருவென்று இருக்கிறதாம். மீன் செதிள் எடுக்கும்போது கத்தி கையிலிருந்து நழுவிவிட்டது. குரலும் கம்மிவிட்டது. கால்சியம் மாத்திரை தீர்ந்து 3 நாள். திங்கட்கிழமைதான் செக்கப், அதுவரை பொறுக்கலாமா?

பாம்பன் அக்கா:
பொறுக்காதே தங்கச்சி. இப்பவே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தத்தில் கால்சியம் பார். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டால் கால்சியம் இறங்கிவிடும். எனக்கும் இதே ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து விரலும் கூம்பி இழுத்துக்கொண்டது. நரம்பில் கால்சியம் ஊசி ஏற்றிய பிறகுதான் விரிந்தது. பயமாகத்தான் இருக்கும், ஆனால் சரியாகிற விஷயம்.

தொண்டி வாசகர்:
அப்புறம், எடுத்த தைராய்டுக்குப் பதிலாகப் போடும் தைராக்ஸின் மாத்திரையை விடிகாலை வெறும் வயிற்றில் போடச் சொல்லுங்கள். அரை மணியாவது கழித்துத்தான் டீ. கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். என் மனைவி இரண்டையும் சேர்த்துப் போட்டதில் தைராக்ஸின் உடம்பில் சரியாகச் சேரவில்லை. குரல் பலருக்கு மெல்லத் திரும்பிவிடும், டாக்டரிடம் சொல்லிவையுங்கள்.

மண்டபம்:
போனோம் அக்கா. கால்சியம் குறைவுதான். ஊசி ஏறுகிறது. அம்மா இப்போதுதான் என் கையை இறுக்கிப் பிடித்துக் காட்டினார்.