'புல் டர்ஹாம்' படத்துக்குத் தமிழ் சப்டைட்டில்: சொல் தேடி உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 1988இல் வந்த 'புல் டர்ஹாம்' எனக்கு உயிரான பேஸ்பால் படம். பேஸ்பால் தெரியாத என் மனைவிக்காக அதற்குத் தமிழ் சப்டைட்டில் எழுதி வருகிறேன். சூசன் சரண்டனும் கெவின் காஸ்ட்னரும் பேசும் காதல் வசனங்கள் எப்படியோ வந்துவிட்டன. சிக்கல் மைதானத்தில்தான்.

கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர்) காஸ்ட்னர், எந்த வகைப் பந்தை வீச வேண்டும் என்று விரலால் காட்டும் சைகையை இளம் பிட்சர் (பந்து வீசுபவர்) டிம் ராபின்ஸ் தலையாட்டி மறுக்கிறார். உடனே காஸ்ட்னர், அடுத்து வரும் பந்து என்னவென்று மட்டையோடு நிற்கும் எதிரணி ஆட்டக்காரரிடமே சொல்லிவிடுகிறார். அவர் அடித்த பந்து எங்கோ பறக்கிறது! இங்கே கேட்சரை 'விக்கெட் கீப்பர்' என்று எழுத மனம் வரவில்லை, ஸ்டம்பே இல்லையே.

அப்புறம் 'மைனர் லீக்'. பெரிய அணிகளுக்கு ஆட்களைத் தயார்செய்யும் கீழ்நிலைப் போட்டிகள். இதை இரண்டே சொல்லில் எப்படி எழுதலாம்? சப்டைட்டில் எழுதிப் பழகியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.